ஜாஸ்மினின் பதினாலு நாள் மௌனம்

"இந்த ஆட்டோல ஆள் இருக்கு சார்," என்றாள் ஜாஸ்மின்.

அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோடு முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒட்டிய முடி, மூக்கு நுனியில் ஒரு சொட்டு, முழங்கால் வரை மடித்துவிட்ட பேண்ட்... கையில், அவனைவிடக் கொஞ்சமே குள்ளமான ஒரு கறுப்புப் பெட்டி. அதைத் தூங்குகிற குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு ஆட்டோவுக்குள் தலையை நீட்டினான்.

டிரைவர் ஷாஹுல் ஹமீது திரும்பிப் பார்த்தார். "சாந்தோம்தாம்மா போவணும்ன்றாரு. ஒரே ரூட்டு. இந்த மழைல வேற வண்டி கெடைக்காது, பாவம்."

"ஆளை ஏத்திக்கலாம் பாய். அந்தப் பொட்டி எங்க உக்காரும்? என் மடியிலயா?"

"சாய்ச்சு வச்சுக்கறேன்," என்றான் அவன். "கொஞ்ச தூரம்தான்... ப்ளீஸ்."

அவள் சரி என்பதற்குள் பெட்டி உள்ளே வந்துவிட்டது. வந்த வேகத்தில், அதன் அகலமான அடிப்பக்கம் அவள் மடியிலிருந்த மலர்வளையத்தின் மேல் உட்கார்ந்தது. சாமந்தியும் ரோஜாவும் நசுங்குகிற சத்தம் மழையிலும் அவளுக்குக் கேட்டது.

"பூ..."

"பூ மேலயா வச்சிட்டேன்?"

"இல்ல, என் தலை மேல. இன்னா சார் இது? சவப்பெட்டி மாதிரி தூக்கிக்கினு வந்து..."

சொல்லிய பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே உறைத்தது. போவது சாவு வீட்டுக்கு. அதில் இப்படி ஒரு வார்த்தை. ஏற்கனவே இரண்டு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்த தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டாள்.

அவன் நசுங்கிய ரோஜா ஒன்றை எடுத்து, இதழ்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, வளையத்தில் செருகப் பார்த்தான். நிற்கவில்லை. மறுபடி செருகினான். அப்போதுதான் அவள் அந்தக் கண்களைக் கவனித்தாள். பெரிய கண்கள்... ஓரமெல்லாம் சிவந்திருந்தன. மழைத்தண்ணீர் பட்டுச் சிவந்தவை இல்லை. காலையிலிருந்து அழுத கண்கள்.

"சாந்தோம்ல எங்க போவணும்?" என்று கேட்டாள், குரலைத் தணித்துக்கொண்டு.

"சர்ச்சுக்குப் பின்னாடித் தெரு. வேதநாயகம்னு ஒருத்தர்... நேத்து..."



"நானும் வேதா அண்ணன் வீட்டுக்குத்தான் போறேன்," என்றாள் அவள்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "நீங்க... ஜாஸ்மினா?"

"எப்படித் தெரியும்?"

"குரல் கொஞ்சம் அடைச்சிருக்கு. ஆனா அதே குரல். மூணு வருஷமா ஹெட்ஃபோன்ல கேக்கறேனே... நான் ஸ்ரீவத்சன். செல்லோ வாசிக்கறவன்."

அப்போ பெட்டிக்குள் இருப்பது, உட்கார்ந்து வாசிக்கிற அந்தப் பெரிய வயலின். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேதா அண்ணனின் ஸ்டூடியோவில் பாடுகிறவர்கள் ஒரு நாள் வருவார்கள், வாசிப்பவர்கள் வேறொரு நாள் வருவார்கள். அப்புறம் அண்ணன் உட்கார்ந்து இரண்டையும் சேர்ப்பார். மூன்று வருடம் ஒரே பாட்டுகளுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள், முதல்முறை நேரில் பார்த்துக்கொள்வது இப்படி... ஒரு நசுங்கின மலர்வளையத்தின் இரு பக்கமும் உட்கார்ந்து.

வேதநாயகத்தின் ஸ்டூடியோ மந்தைவெளியில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது. இரண்டே அறை. அவரே பாட்டு எழுதுவார், அவரே மெட்டுப் போடுவார், அவரே பதிவு செய்வார், பாட வந்தவர்களுக்கு டீயும் அவரே போடுவார். மாதா கோவில் திருவிழாப் பாட்டு, கல்யாணப் பாட்டு, குப்பத்துக் கபடி அணிக்கு ஒரு பாட்டு, தி.நகர் பாத்திரக்கடைக்கு ஒரு விளம்பரம்... எதையும் சின்னது என்று தள்ளியதில்லை. சினிமாவில் அவர் பெயர் வந்ததில்லை. ஆனால் சாந்தோமிலிருந்து அடையாறு வரைக்கும் வாசிக்கிற, பாடுகிற ஆட்களில் பாதிப் பேருக்கு முதல் மைக் அவருடையதுதான். ஐம்பத்தெட்டு வயது. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்கிறேன் என்றவர், எழுந்திருக்கவில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாக வாத்தியக்காரர்கள், நனைந்த காக்காய்கள்போல. டிரம்ஸ் வாசிக்கிற அஜித்குமார் யாரிடமும் பேசாமல் பிளாஸ்டிக் நாற்காலிகளை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தான். அவன்தான் அந்த மலர்வளையத்தை முதலில் பார்த்தான்.

"இன்னா ஜாஸு... வண்டி ஏறிடுச்சா இது மேல?"

"செல்லோ ஏறிடுச்சு," என்றாள் அவள்.

யாரோ 'க்ளுக்' என்றார்கள். சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனின் மனைவி ஜான்சி அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தச் சப்பையான வளையத்தையும், அதன் பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற ஸ்ரீவத்சனையும் பார்த்தார். அழுத முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"வையிமா. அவருக்கு நேரா இருக்கிற எதுவும் புடிக்காது," என்றார்.

காலையிலிருந்து இறுகிக் கிடந்த அந்த வாசல் அப்போதுதான் ஒரு மூச்சு விட்டது.

ஏழாம் நாள் பூசைக்கு ஸ்ரீவத்சன் புது மலர்வளையம் ஒன்றோடு வந்து நின்றான்.

"ஏழாம் நாள் இதை யாரும் கொண்டு வர மாட்டாங்க சார்," என்றாள் ஜாஸ்மின், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தெரியலையே... அன்னிக்கு உங்களோடத நாசம் பண்ணிட்டேன். அதான்."

"உங்க வீட்டுல இதெல்லாம் பழக்கம் இல்ல, இல்ல?"

"எங்க ஆத்துல பூ வாங்கிண்டு போனாலே அது பெருமாளுக்குத்தான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "வீட்டுல..."

"ஆத்துலன்னே சொல்லுங்க. நல்லாத்தான் இருக்கு."

அந்த வளையத்தைப் பிரித்து, பூக்களை உதிர்த்து, கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஈர மண்ணின் மேல் இருவருமாகத் தூவினார்கள். அவன் ஒரு பக்கத்திலிருந்து, அவள் ஒரு பக்கத்திலிருந்து. நடுவில் விரல்கள் உரசிக்கொண்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சாரி" என்றார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜாஸ்மினுக்கு அந்த ஒரு சொல் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. சே... என்ன இது, துக்க வீட்டுக்குப் போய்விட்டு வருகிற முகமா இது?

ஆனால் அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க முடியாமல் அவளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது.

தி.நகரில் ஐந்து மாடித் துணிக்கடை ஒன்றில் அவளுக்கு அறிவிப்பாளர் வேலை. 'அன்பான வாடிக்கையாளர்களே, மூன்றாவது தளத்தில் பட்டுப்புடவைகள்...' என்று நாள் முழுக்கப் பேசுவது அவள்தான். இரண்டு மாதமாகக் குரல் உடைந்தது. வெந்நீர், மிளகு, அதிமதுரம்... எதற்கும் கேட்கவில்லை. அடையாறில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அவளை அழைத்துப் போனவரே வேதா அண்ணன்தான். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, குரல் நாணில் ஒரு சின்ன வளர்ச்சி இருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். எந்தப் பரிசோதனை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

"நான் கூட வர்றேன் கண்ணு. ஆபரேசன் அன்னிக்கு நான் வாசல்லயே உக்காந்துகினு இருப்பேன்," என்று சொல்லியிருந்தார் அண்ணன்.

இப்போது அவர் இல்லை. அந்த விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் அம்மா தேசம்மா மட்டும். வெளியே சொல்லவே கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பாடுகிறவளுக்குத் தொண்டையில் கத்தி வைத்தார்கள் என்று ஒரு தடவை தெரிந்தால் போதும், அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். அதைவிட, எல்லோரும் அவளைப் பார்க்கிற பார்வை மாறும். அது வேண்டாம்... அந்த 'ஐயோ பாவம்' அவளுக்கு வேண்டவே வேண்டாம்.

பதினைந்தாம் நாள், ஸ்டூடியோவில் கூடினார்கள். முப்பதாம் நாள் நினைவு நாளுக்கு மாதா கோவில் பாரிஷ் ஹாலில் அண்ணனின் பாட்டுகளை எல்லோருமாகச் சேர்ந்து வாசிப்பது என்று முடிவு. அண்ணனின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அஜித்குமார் தரையில் உட்கார்ந்து பட்டியல் போட்டான்.

"கடைசிப் பாட்டு 'மழை வந்தா யாரு சாட்சி'. ஜாஸு பாடுது. அதுல மாத்தமே இல்ல."

மணலெல்லாம் உன் காலடி... மழை வந்தா யாரு சாட்சி? விட்டுப்போனவனைக் கேட்கிற ஒரு குப்பத்துப் பெண்ணின் பாட்டு. அவளுக்காகவே அவர் எழுதியது. சாந்தோம் பக்கம் கல்யாணமோ காது குத்தோ, இந்தப் பாட்டு இல்லாமல் நடப்பதில்லை.

"நான் பாடல," என்றாள் ஜாஸ்மின்.

"இன்னாது?"

"நான் பாடல அஜித்து. வேற யாரையாச்சும் கேளு."

காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. கெஞ்சினார்கள். தலையை ஆட்டினாள். செல்லோவை அணைத்தபடி மூலையில் இருந்த ஸ்ரீவத்சன் முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தான்.

"உங்க குரலுக்குன்னே நோட்ஸ் எழுதி வச்சிருக்கேன். ஒரு பாட்டுதானே..."

"முடியாதுன்னா விடுங்க சார்."

"ஏன் முடியாது? உங்களுக்காகவே எழுதின மனுஷன் அவர். அவருக்காக நாலு நிமிஷம் பாட முடியலையா? அந்தக் குரல் இனிமே துணிக்கடைக்கு மட்டும்தானா?"

கோபத்தில் வந்துவிட்ட வார்த்தை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வந்த வார்த்தை வந்ததுதான். அவள் எழுந்து, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள். ஒரு வரி... ஒரே ஒரு வரி சொன்னால் அத்தனை பேரும் பதறிப்போய் ஓடி வந்திருப்பார்கள். அந்த ஒரு வரிதான் அவளுக்கு வரவில்லை.

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை, ஆபரேஷன் முடிந்தது. வாசலில் தேசம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். ரிசல்ட் வர இரண்டு வாரம். அதுவரை ஒரு சொல் பேசக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது, சிரித்தாலும் சத்தம் வரக் கூடாது. பதினாலு நாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், லூப் ரோடு மீன் மார்க்கெட். வீட்டில் தனியாக இருந்தால் கண்டதையும் நினைக்கிறாள் என்று தேசம்மா மகளைக் கடைக்கே கூட்டிவந்திருந்தாள். சங்கராவும் வஞ்சிரமும் பரப்பிய மேடைக்குப் பின்னால், ஐஸ் பெட்டிமேல் ஜாஸ்மின் உட்கார்ந்திருந்தாள். தூறல். ஒரு கறுப்புக் குடை மீன் வரிசைகளுக்கு நடுவே தயங்கித் தயங்கி வந்தது. எதையும் மிதித்துவிடாமல், எதன் மேலும் மூச்சுவிடாமல்...

குடைக்குக் கீழே ஸ்ரீவத்சன்.

"ஜாஸ்மின்... உங்ககிட்ட பேசணும்."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கோபம் இருக்கும். இருக்கணும். நேத்து அம்மாவோட உங்க கடைக்குப் போனேன். மைக்ல வேற யாரோ பேசறாங்க. கேட்டா, அந்தப் பொண்ணு இப்ப வர்றதில்லைன்னுட்டாங்க. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக வேலையையே விட்டுட்டீங்களா?"

அவள் பேசவில்லை.

"தப்புதான். யார் எந்தப் பாட்டைப் பாடணும்னு சொல்ல நான் யாரு? உங்களுக்கு என்ன வலியோ... கேட்காம பேசிட்டேன்."

அவள் பேசவில்லை. வஞ்சிரம் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி பையைக் கீழே வைத்துவிட்டு நன்றாகத் திரும்பி நின்று கேட்க ஆரம்பித்தாள்.

"திட்டவாவது செய்யுங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. இப்படி ஒண்ணுமே சொல்லாம இருந்தா... நான் ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை தெரியுமா?"

தேசம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இன்னா நைனா நீ, பாட்டுக்குப் பேசிக்கினே கீற? அது கோவத்துல பேசாம இல்ல. டாக்டரம்மா பேசக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க. தொண்டைல ஆபரேசன் ஆயி நாலு நாளாவுது."

ஜாஸ்மின் அம்மாவை முறைத்தாள். சத்தியம் என்ன ஆச்சு?

"மொறைக்காத. அந்தப் புள்ள அழுதுடும் போலகீது," என்றாள் தேசம்மா.

ஸ்ரீவத்சனின் முகத்தில் ரத்தமே இல்லை. குடை ஒரு பக்கம் சாய, அவன் பக்கத்தில் இருந்த ஈர மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டான். வெள்ளைப் பேண்ட்டில் மீன் செதில்கள் ஒட்டின. அவனுக்கு அது தெரியவே இல்லை. கேள்வி எதுவும் கேட்காமல் அவளையே பார்த்தான். பரிதாபம் இருக்கும் என்று பயந்து அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள்... அதில் வெட்கம் இருந்தது, பயம் இருந்தது, வேறென்னவோ ஒன்றும் இருந்தது. பரிதாபம் மட்டும் இல்லை.

அவள் செல்போனை எடுத்துத் தட்டி, அவன் முன்னால் நீட்டினாள்.

'துணிக்கடைக்கு மட்டும்தான் குரல். சொன்னீங்கதானே?'

"சொன்னேன்."

'தண்டனை உண்டு.'

"என்னன்னாலும் சரி."

'முப்பதாம் நாள் என் பாட்டை நீங்க பாடணும்.'

அவன் இரண்டு முறை படித்தான். "நானா? எங்க ஆத்துல நான் வாயைத் தொறந்தா அப்பா கதவைச் சாத்திண்டுடுவார். பெரிய வயலின் வித்வான் கஸ்தூரிரங்கனோட பிள்ளைக்கு சாரீரம் மட்டும் கிடையாதுன்னு மயிலாப்பூருக்கே தெரியும்."

அவள் மறுபடி தட்டினாள். 'அதனாலதான் தண்டனை.'

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் அவன் வந்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் மணல். கவிழ்த்துப்போட்ட ஃபைபர் படகின் மேல் அவள் உட்கார்ந்துகொள்வாள். அவன் எதிரே நின்று பாடுவான். சுருதி ஏறினால் அவள் கட்டைவிரல் கீழே போகும், இறங்கினால் மேலே போகும், ரொம்பக் கொடுமையாக இருந்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வாள். சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்பது அந்த நாட்களில் பெரிய சித்திரவதையாக இருந்தது. வாயைத் துப்பட்டாவால் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள்.

"சிரிங்க, சிரிங்க," என்பான் அவன். "அண்ணன் உசுரோட இருந்தா இந்தப் பாட்டை எழுதினதுக்காகவே வருத்தப்பட்டிருப்பார்."

பாடாத நேரத்தில் அவன்தான் பேசுவான். அப்பா வயலினை எதிர்பார்த்தபோது செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற நாளைப் பற்றி, அந்த வீட்டில் ஆறு மாதம் நிலவிய மௌனத்தைப் பற்றி, வேதா அண்ணன் முதல்நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு "உள்ள யாரு கீறாங்க?" என்று கேட்டதைப் பற்றி... அவள் கேட்பாள். கண்ணால் பதில் சொல்வாள். அவனுக்கு அந்தப் பதில் புரியவும் புரிந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் அந்த ரிசல்ட்டின் நினைவே இல்லாமல் போய்விடும். அவன் போன பிறகு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஆள் தேடி வந்தது ஒரு குரலை. மூன்று வருடம் காதில் கேட்ட குரலை. அந்தக் குரல் திரும்பி வரவே இல்லை என்றால்... அப்புறம் இங்கே அவன் பார்க்க என்ன இருக்கிறது?

முப்பதாம் நாள். பாரிஷ் ஹாலில் நிற்க இடமில்லை. மேளக்காரர்கள், கீபோர்டுக்காரர்கள், கோயில் கொயர், கானா பாடுகிறவர்கள், ரிடையர் ஆன ஆர்க்கெஸ்ட்ரா ஆட்கள், கபடி அணி முழுசாக... ஒவ்வொருவரும் வந்து ஒரு பாட்டு, ஒரு கதை. ஜாஸ்மின் கையில் தாளத்துக்குக் குலுக்குகிற ஷேக்கரைக் கொடுத்து மேடை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். விஷயம் இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் பயந்த மாதிரி யாரும் பார்க்கவில்லை. ஜான்சி அக்கா வந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "எங்கிட்ட கூடச் சொல்லல பாரு," என்று கோபித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது.

கடைசிப் பாட்டு. ஸ்ரீவத்சன் செல்லோவைச் சாய்த்து வைத்துவிட்டு மைக் முன்னால் வந்தான்.

பல்லவியை எப்படியோ கடந்தான். அனுபல்லவியில் வழுக்கினான். சரணத்தில், 'மழை வந்தா' என்று மேலே போக வேண்டிய இடத்தில், குரல் ஒரேயடியாகப் பிளந்து, காற்றில் எங்கோ காணாமல் போனது. பாட்டு நின்றது. முந்நூறு பேர் இருந்த ஹாலில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

அஜித்குமார் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, அச்சு அசலாக வேதா அண்ணன் குரலில், "சூப்பர்பா. இன்னொரு தபா," என்றான்.

யார் எத்தனை மோசமாகப் பாடினாலும் அண்ணன் சொல்கிற வார்த்தை அது. பிறகு ஹால் முழுக்க ஒரு சிரிப்பு எழுந்தது... சிரிப்பா, அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். முதல் வரிசையில் ஜான்சி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஸ்ரீவத்சனும் சிரித்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை அவனைத் தனியாகப் பாட யாரும் விடவில்லை. கொயர் பாடியது, கபடி அணி பாடியது, வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவர் பாடினார். ஜாஸ்மின் ஷேக்கரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அண்ணன் இறந்த அன்றுகூட வராத அழுகை, சத்தமே இல்லாமல், நிறுத்தாமல் வந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒன்று இறங்கிப் போனது.

திங்கட்கிழமை ரிசல்ட். அம்மாவிடம் 'செவ்வாய்க்கிழமைதான் வரும்' என்று எழுதிக் காட்டியிருந்தாள். ரிசல்ட் காகிதத்தைப் படிக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஸ்ரீவத்சனுக்கு மட்டும் உண்மையை எழுதிக் காட்டினாள். மந்தைவெளியில் ரயிலேறினார்கள். பாலத்தின் மேல் போகும்போது கீழே அடையாற்றுத் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூர்பா நகரில் இறங்கி, கிளினிக்கில் போய் உட்காரும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி இன்று ஏன் இப்படி...

டோக்கன் பதினொன்று. உள்ளே ஒன்பதாவது ஆள் போயிருந்தார்.

"ஜாஸ்மின்," என்றான் திடீரென்று. "அந்தக் கவரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பிரிச்சப்புறம் சொன்னா, நல்ல ரிசல்ட்டா இருந்தா சந்தோஷத்துல சொன்னான்னு நெனைப்பீங்க. வேற மாதிரி இருந்தா பரிதாபத்துல சொன்னான்னு நெனைப்பீங்க. அதனால இப்பவே."

அவள் மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க குரல் எனக்கு உசுரு. அது பொய்யில்ல. ஆனா இந்த ரெண்டு வாரமா நான் அதைக் கேக்கவே இல்ல. ஒரு வார்த்தை இல்ல. இருந்தாலும் தினம் சாயங்காலம் அஞ்சு மணியானா கால் தானா லூப் ரோடுக்கு ஓடறது. எதுக்கு ஓடறதுன்னு யோசிச்சுப் பார்த்தேன்... உங்களுக்காகத்தான். நீங்க கட்டைவிரலைக் கீழ காட்டறதுக்காக." தொண்டையைச் செருமிக்கொண்டான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கற மாதிரி."

அவள் சட்டென்று திரும்பினாள்.

"நீங்க என்ன சொல்வீங்கன்னே தெரியாம அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். முட்டாள்தனம்தான். ரெண்டு நாள் என்னோட பேசலை. மூணாவது நாள் காபி குடிக்கறப்போ, 'அந்தப் பொண்ணு என்ன சுருதில பாடுவா?'ன்னு கேட்டார். எங்க ஆத்துல அதுக்கு சரின்னு அர்த்தம்."

"டோக்கன் பதினொண்ணு," என்றார் நர்ஸ்.

டாக்டரம்மா கவரைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். படித்தார்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார். "பயப்படற மாதிரி எதுவும் இல்ல. கத்திக் கத்திப் பேசினதுல வந்த சாதாரண வளர்ச்சிதான். அதையும் எடுத்தாச்சு. புண்ணும் ஆறிட்டுது. பயிற்சி சொல்லித்தர்றேன், மூணு மாசத்துல பாடலாம். இன்னிலேர்ந்து பேசலாம்... ஆனா முதல்நாள் அஞ்சே நிமிஷம். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. சரியா?"

தலையாட்டினாள். பேசவில்லை. அஞ்சு நிமிஷத்தில் ஒரு நொடியைக்கூட இங்கே செலவழிக்க அவளுக்கு மனமில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. மரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கிளினிக் வாசலில் நின்று முதலில் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா..."

அது அவள் குரலா? மெலிசாக, புதுசாக, இப்போதுதான் விழித்த குரல்போல. அந்தப் பக்கம் மார்க்கெட் இரைச்சல் சட்டென்று தூரமாகப் போனது. தேசம்மா எழுந்து ஓரமாக நடக்கிறாள் போலிருந்தது.

"நீயா பேசற? நாளைக்கில்ல ரிசல்ட்டுன்ன?"

"இன்னிக்கே வந்துட்சிமா. ஒண்ணும் இல்லியாம். நல்லாத்தான் கீதாம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். அப்புறம், "மாதாவே..." என்று ஒரு பெருமூச்சு. பிறகு, "பேசாத, பேசாத, வையி. வூட்டுக்கு வா," என்று அவளே வைத்துவிட்டாள்.

ஜாஸ்மின் திரும்பினாள். இரண்டடி தள்ளி ஸ்ரீவத்சன் நின்றுகொண்டிருந்தான். கண் நிறைய தண்ணீர். முகம் நிறைய சிரிப்பு. கேட்டதற்குப் பதில் வேண்டும் என்றே தோன்றாதவன்போல, அவளுக்கு ஒன்றும் இல்லை என்பதே போதும் என்பதுபோல நின்றான். அவள் பக்கத்தில் போனாள். அவன் கையை, இந்தத் தடவை தெரியாமல் உரசாமல், தெரிந்தே பிடித்துக்கொண்டாள். கடைத் தமிழ், மைக் தமிழ் எல்லாம் அவளைவிட்டு எங்கோ போயிருந்தது. வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"எனக்கும் உன்ன ரொம்பப் புடிச்சிகீது," என்றாள் மெதுவாக. "குரலு போனா நீயும் பூடுவியோன்னு... தெனம் பயந்துகினே இருந்தேன். இன்னும் நெறைய சொல்லணும் உங்கிட்ட."

"சொல்லு," என்றான், அவனுக்கே கேட்காத குரலில்.

அவள் செல்போனில் மணியைப் பார்த்தாள். சிரித்தாள்.

"மிச்சம் நாளைக்கு."